பழந்தலைநகர் நோக்கி ஒரு நாள்

நுழையும்முன்

தலைநகரைக் காணச் செல்வோர் அரண்மனைகளையும் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு திரும்புவது வழக்கம். அரண்மனையும் கோட்டையும் கண்ணுக்குத் தெரியாத தலைநகர் ஒன்று நம் தென்கோடியில் உண்டு. அதன் பெயர் கொற்கை. அந்நகரை நோக்கிப் பொருநை ஆற்றின் கரைவழியே ஒரு நாள் பயணம் செய்தால் என்னென்ன காணலாம்? கண்டவற்றை எவ்வாறு புரிந்துகொள்ளலாம்? ஒரு தொல்பொருள் இருக்கவேண்டிய இடம் எது? இவ்வினாக்களுக்கு விடைதேட முயல்கிறது இப்பாடம்.

பொருநையும் தலைநகரும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, சங்க இலக்கியங்களில் பொருநை எனப்படுகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. பிறக்குமிடமும் கடலில் கலக்குமிடமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஆறு என்பது இதன் தனிச்சிறப்பு. பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் ஆகிய ஊர்களைக் கடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், கால்வாய்கள் நிரப்பும் குளங்களும் இச்சமவெளியை நெல்வயல்களாக்கியுள்ளன.

இவ்வாற்றின் முகத்துவாரத்தில் அமைந்திருந்த துறைமுக நகரமே கொற்கை. மதுரை பாண்டியரின் தலைநகராவதற்கு முன்னர்க் கொற்கையே அவர்தம் தலைநகராக விளங்கியது என்பது அறிஞர் பலரின் கருத்து. மதுரை தலைநகரான பின்னரும் பாண்டிய இளவரசர் கொற்கையிலிருந்து ஆண்டனர். கோவலன் கொலையுண்டு நெடுஞ்செழியன் உயிர்நீத்தபோது கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் மதுரைக்கு வந்து அரசேற்றதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூசும், தாலமியின் நிலவியல் நூலும் இந்நகரைக் 'கொல்கை' எனக் குறிப்பிடுகின்றன.

இத்தலைநகரை ஒரே இடத்தில் நின்று கண்டுவிட இயலாது. அதன் வரலாறு மூன்று வகை இடங்களில் சிதறிக் கிடக்கிறது. முதலாவது, தொலைவிலுள்ள பெருநகர அருங்காட்சியகங்கள். இரண்டாவது, ஆற்றங்கரையிலேயே அமைந்த அருங்காட்சியகங்கள். மூன்றாவது, எந்தக் கூரையும் இல்லாத வயல்களும் மேடுகளும். இம்மூன்றையும் இணைத்துக் காண்பதே நம் பயணத்தின் நோக்கம்.

பொருள்கள் சென்ற வழி

பயணம் தொடங்குமுன் ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும். பொருநைக் கரையின் மிகச்சிறந்த தொல்பொருள்கள் பல பொருநைக் கரையில் இல்லை.

1876ஆம் ஆண்டு ஜெர்மனியின் பெர்லின் நகரைச் சேர்ந்த ஜாகர் என்னும் ஆய்வாளர் ஆதிச்சநல்லூருக்கு வந்தார். மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் மனித எலும்புகளையும் அகழ்ந்தெடுத்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பின்னர், இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கு விரிவான அகழாய்வுகளை நடத்தினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் அமைந்த மூடிகளைக் கொண்ட வெண்கலக் கலங்கள், தாய்த்தெய்வத்தின் சிறு வெண்கலப் படிமம், இரும்பு வாள்கள், வேல்கள், மண்வெட்டிகள் எனப் பெருந்தொகுதி ஒன்று வெளிப்பட்டது. நெல் உமியின் எச்சங்களும் கிடைத்தன. அவர் கண்டெடுத்த பொருள்களின் பட்டியல் 1915ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. பொருள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்திற்கு அடுத்து நாட்டின் பழமையான பெரிய அருங்காட்சியகங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. சென்னை இலக்கியக் கழகத்திடமிருந்து பெற்ற பாறை, கனிமத் தொகுதியுடன் தொடங்கிய அந்நிறுவனத்திற்கு முதல் பொறுப்பாளராக விளங்கியவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். சோழர்காலச் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் காணச் செல்வோர், அங்குத் தொல்லியல் பிரிவில் ஆதிச்சநல்லூரின் பொருள்களையும் காணலாம்.

அங்கு ஒரு நெற்றிப்பட்டத்தின் முன் நிற்கும் மாணவர் அதன் வடிவைக் காண்பார். மெல்லிய பொன்தகட்டின் இருபுறத்தும் கட்டுவதற்கான துளைகளைக் காண்பார். அது எந்தத் தாழியில், எதன் அருகில், யாருடைய எலும்புகளோடு கிடந்தது என்பதைப் பேழை காட்டாது. பொருள் தலைநகருக்கு வந்துசேர்ந்தது. அதனைச் சூழ்ந்திருந்த மண் வரவில்லை. அம்மண்ணைக் காணவே நாம் தென்திசைக்குச் செல்லவேண்டியுள்ளது.

காலை: ரெட்டியார்பட்டி மலையடிவாரம்

திருநெல்வேலி நகரின் தென்புறத்தில் ரெட்டியார்பட்டி மலைப்பகுதி உள்ளது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையால் பொருநை அருங்காட்சியகம் அங்கு எழுப்பப்பட்டுள்ளது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களின் அகழாய்வுப் பொருள்களை ஒரே வளாகத்தில் காட்டுவது இதன் நோக்கம். பயணத்தை இங்குத் தொடங்குவது பொருத்தமானது. ஏனெனில் களத்திற்குச் சென்றபின் காணவிருக்கும் மேடுகளும் குழிகளும் பயிற்சியில்லாத கண்களுக்கு வெற்றிடமாகவே தோன்றும். எதைத் தேடவேண்டும் என்பதை அருங்காட்சியகம் முன்னரே கற்பிக்கிறது.

இங்குக் காணவேண்டியவற்றுள் மட்கல ஓடுகள் முதன்மையானவை. பொன்னும் வெண்கலமும் ஈர்க்கும் அளவுக்கு உடைந்த ஓடு நம்மை ஈர்ப்பதில்லை. ஆயினும் ஆய்வாளருக்கு ஓடே முதற்சான்று. கறுப்பு-சிவப்பு மட்கலத்தை எடுத்துக்கொள்வோம். கலத்தைச் சூளையில் தலைகீழாகக் கவிழ்த்துச் சுடும்போது உட்புறத்திற்கும் விளிம்பிற்கும் காற்றோட்டம் தடைப்படும்; அப்பகுதி கறுக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும். ஒரே கலத்தில் இரு நிறம் தோன்றும் முறை இதுவே என ஆய்வாளர் பலர் விளக்குவர். தீயையும் காற்றையும் அளந்து ஆளத் தெரிந்த குயவரின் கைத்திறன் ஓர் ஓட்டில் பதிந்திருக்கிறது.

முற்பகல்: ஆதிச்சநல்லூர்ப் பரம்பு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சென்றால் ஆதிச்சநல்லூரை அடையலாம். தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ளது. சாலையோரத்தில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்துகிடக்கும் சரளைக்கல் மேட்டை ஊர்மக்கள் பரம்பு என்கின்றனர். இதுவே பழங்கால மக்களின் ஈமக்காடு.

மேட்டின்மீது நின்று நாற்புறமும் நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஆற்றங்கரையில் எங்கும் வயல்களும் வாழைத்தோட்டங்களும் காணப்படுகின்றன. மேட்டில் மட்டும் கல்லும் முள்ளும் நிறைந்துள்ளன. ஏர் பிடிக்கவியலாத நிலத்தை இறந்தோருக்கும், நீர்பாயும் நிலத்தை உழவுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். மண்ணைத் தோண்டுவது எளிது. சரளையையும் பாறையையும் வெட்டிக் குழியமைப்பது கடினம். அக்கடினத்தை ஏற்றுக்கொண்டு விளைநிலத்தைக் காத்த சமூகம் அது. இவ்வுண்மையை எந்தக் காட்சிப்பேழையும் சொல்லாது, நிலமே சொல்லும்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை இங்கு மீண்டும் அகழாய்வு செய்தது. ஒரு சிறு பரப்பிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. ஒரு தலைமுறையின் தாழிகளுக்கு மேல் மற்றொரு தலைமுறையின் தாழிகள் என அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்டிருந்தன. நெடுங்காலம் ஒரே இடத்தை ஈமக்காடாகப் பேணிய மரபை இவ்வடுக்குகள் உணர்த்துகின்றன. ஓர் ஓட்டில் பெண், கொக்கு, மான், முதலை, நெற்கதிர் ஆகியவை புடைப்புருவங்களாக ஒட்டி அமைக்கப்பட்டிருந்தன. ஆறும் வயலும் காடும் ஓர் ஓட்டுத்துண்டில் ஒன்றுகூடியிருந்ததை அறிஞர்கள் வியந்து நோக்கினர்.

ஆயினும் அவ்வகழாய்வின் முழுமையான அறிக்கை வெளிவரப் பல்லாண்டுகள் ஆயின. ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடும் நிலையும் ஏற்பட்டது. இதில் நாம் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அகழாய்வு என்பது ஒருமுறை மட்டும் படிக்கக்கூடிய நூலைப் போன்றது. பக்கத்தைப் புரட்டும்போதே அப்பக்கம் அழிந்துவிடுகிறது. குழியில் கண்டதை அளந்து, வரைந்து, எழுதி வெளியிட்டால்தான் அழிந்த பக்கத்திற்கு ஈடு கிடைக்கும். எழுதப்படாத அகழாய்வு, படித்தவர் மறந்துவிட்ட நூலாகும்.

2020ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில், களத்திலேயே அருங்காட்சியகம் அமையவிருக்கும் ஐந்து தொல்லியல் இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. இராக்கிகரி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா ஆகியவை ஏனைய நான்கு. 2021ஆம் ஆண்டு அகழாய்வு மீண்டும் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் களக் காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகள் கிடைத்த குழியின்மீது வலிய கண்ணாடித்தளம் அமைக்கப்பட்டுள்ளது. காண்போர் அதன்மேல் நடந்து, தாழிகளை அவை புதைக்கப்பட்ட நிலையிலேயே காண்கின்றனர். எழும்பூரில் காணாத மண் இங்குக் காலடியில் இருக்கிறது.

தெரியுமா?

ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலக் கலங்கள் சிலவற்றில் வெள்ளீயம் மிகுதியாகக் கலந்துள்ளது. செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் உருவாகும். வெள்ளீயத்தின் அளவு மிகுந்தால் உலோகம் எளிதில் நொறுங்கும். அதனைச் சூடாக்கித் தட்டி, நீரில் தோய்த்து உறுதிப்படுத்தும் நுட்பம் தேவை. பொருநைச் சமவெளியில் வெள்ளீயம் கிடைப்பதில்லை. எனவே, அம்மூலப்பொருளோ கலமோ வெளியிடத்திலிருந்து வந்திருத்தல் வேண்டும். ஒரு கலத்தின் உலோகக்கலவையே தொலைதூர வணிகத்திற்குச் சான்றாகிறது.

நண்பகல்: சிவகளையும் காலக்கணிப்பும்

ஆதிச்சநல்லூரிலிருந்து ஆற்றைக் கடந்து வடகரைக்குச் சென்றால் ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர் இது. எட்டு அணைக்கட்டுகளுள் கடைசி அணைக்கட்டும் இங்குதான் உள்ளது. இது 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அங்கிருந்து சிறிது தொலைவில் சிவகளை அமைந்துள்ளது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை சிவகளைப் பரம்பில் அகழாய்வு செய்தபோது ஒரு முதுமக்கள் தாழியினுள் நெல்மணிகள் கிடைத்தன. அவை ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டு, கி.மு. 1155 என்னும் காலக்கணிப்பைப் பெற்றன. 2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. பொருநை ஆற்றங்கரை நாகரிகம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் பழமையானது என்னும் கருத்து அதனடிப்படையில் எழுந்தது.

நெல்மணியிலிருந்து ஆண்டு எவ்வாறு கிடைக்கிறது? உயிருள்ள செடி காற்றிலிருந்து கரிமத்தை ஏற்கிறது. அதில் கதிரியக்கத் தன்மையுள்ள கரிமம்-14 மிகச்சிறு அளவில் கலந்திருக்கும். செடி மடிந்தபின் புதிய கரிமம் சேராது. இருக்கும் கரிமம்-14 சிதைந்துகொண்டே வரும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியிருக்கும் அளவை அளந்தால் செடி மடிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின எனக் கணக்கிடலாம். மட்கலத்திற்கும் மண்ணுக்கும் வேறொரு முறை உண்டு. மண்ணிலுள்ள படிகத் துகள்கள் ஒளியோ கடும் வெப்பமோ படாத காலம் முழுவதும் ஆற்றலைச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் ஒளியைச் செலுத்தி அவ்வாற்றலை வெளிப்படுத்தி அளந்தால், அவை இறுதியாக எப்போது ஒளியைக் கண்டன, அல்லது எப்போது சூளையில் சுடப்பட்டன என்பது புலப்படும்.

2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டது. இரும்புப் பொருள்களோடு சிவகளையில் கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 3345 என்னும் காலம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. இரும்பின் பயன்பாட்டு வரலாற்றையே மாற்றியெழுதத் தூண்டும் செய்தி இது. இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காலம் கணிக்கப்பட்டது கரித்துண்டுக்கே. அக்கரியும் இரும்பும் ஒரே காலத்தில் ஒரே தாழிக்குள் இடப்பட்டன என்பதை மண்ணடுக்கும் கிடைத்த நிலையுமே உறுதிப்படுத்தவேண்டும். மேலும் பல இடங்களில், மேலும் பல மாதிரிகளில் இத்தகைய காலங்கள் கிடைக்குந்தோறும் முடிவு வலுப்பெறும். பெருமிதம் கொள்வதும் சான்றை வினவுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வினவி நிலைபெற்ற பெருமையே நெடிது நிற்கும்.

பொருள் கிடைத்த இடம் ஏன் இன்றியமையாதது என்பது இப்போது தெளிவாகிறது. 1876இல் பெர்லினுக்குச் சென்ற இரும்புக் கருவியை இன்று நாம் மீட்டுவந்தாலும், அதனருகில் கிடந்த கரித்துண்டை மீட்க இயலாது.

பிற்பகல்: கொற்கை

சிவகளையிலிருந்து ஏரல் வழியாகக் கொற்கைக்குச் செல்லலாம். தலைநகரைக் காணும் ஆவலோடு வருவோரை வரவேற்பவை நெல்வயல்களும், ஒரு பெரிய குளமும், சில தெருக்களும், பழமையானதென ஊர்மக்கள் போற்றும் ஒரு வன்னிமரமுமே. கடல் இல்லை. அது கிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விலகிச் சென்றுவிட்டது.

கடல் விலகியதற்குக் காரணம் இதுவரை நாம் துணையாகக் கொண்டு வந்த ஆறேயாகும். ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வரும் வண்டல் முகத்துவாரத்தில் படிந்து, படிந்த மண் நிலமாகி, நிலம் கடலை நோக்கி வளர்ந்தது. துறைமுகம் உள்நாட்டு ஊரானது. வணிகம் கடலைத் தொடர்ந்து காயலுக்குச் சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறைமுகம் அக்காயலே. அதனையும் வண்டல் தூர்க்க, பழையகாயல் என்னும் பெயரே எஞ்சியது. அடுத்துப் போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயலும், பின்னர்த் தூத்துக்குடியும் அவ்விடத்தைப் பெற்றன. வயலுக்கு வளம் தந்த அதே வண்டல் துறைமுகத்திற்கு முடிவு தந்தது. எந்தப் படையெடுப்பும் இன்றி ஒரு தலைநகர் தன் தகுதியை இழந்த வரலாறு இது.

கிரேக்கர் குறிப்பிட்ட கொல்கை இவ்வூரே என விளக்கியவர்களுள் கால்டுவெல் குறிப்பிடத்தக்கவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய அவர், 1881ஆம் ஆண்டு திருநெல்வேலி வரலாற்றை நூலாக வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் நேரில் ஆராய்ந்தார். கடல் விலகிய முறையை நிலத்தைக் கண்டு எடுத்துரைத்தார். 1968, 1969ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 785 என்னும் காலம் கணிக்கப்பட்டது. அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. சங்கு அறுத்து வளையல் செய்யும் தொழில் இங்கு நடந்தமைக்கு அவை சான்று. அருகிலுள்ள சிற்றூரின் பெயர் அக்கசாலை. நாணயம் அடிக்குமிடத்தையும் பொற்கொல்லரின் பணியிடத்தையும் குறிக்கும் சொல் அது. கட்டடம் மறைந்தபின்னும் சொல் ஊர்ப்பெயராக நின்று தலைநகரின் தொழிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முத்தும் மூச்சும்

கொற்கைக்குப் புகழ் சேர்த்தது முத்து. சங்க இலக்கியம் கொற்கை முத்தைப் பலவாறு போற்றுகிறது. உரோமானியச் செல்வ மகளிர் கீழைநாட்டு முத்துகளைப் பெருவிலை கொடுத்து வாங்கினர். முத்து ஏற்றுமதியால் பாண்டிய நாடு செழித்தது. இவையெல்லாம் நாம் பெருமையோடு கூறும் செய்திகள்.

இவற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டிய வேறொரு செய்தி பெரிப்ளூசில் உள்ளது. கொற்கைக் கடலில் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்நூல். ஆழ்கடலில் மூச்சடக்கி மூழ்குவது உயிருக்கு ஊறு விளைவிக்கும் தொழில். ஒரு நல்முத்துக்காக எண்ணற்ற சிப்பிகளைத் திறக்கவேண்டும். எண்ணற்ற முறை மூழ்கவேண்டும். முத்து அரசனின் மார்பில் ஒளிர்ந்தது. மூழ்கியவரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அருங்காட்சியகத்தைக் காணும் கண்ணுக்கு இது ஒரு முதன்மையான பயிற்சி. காட்சிப்பேழை பொருளைக் காட்டும். பொருளை ஆக்கியவரைக் காட்டுவது அரிது. பொன்பட்டத்தைக் காணும்போது கொல்லரையும், தாழியைக் காணும்போது குயவரையும், முத்தைக் காணும்போது மூழ்கியவரையும் நாமே வருவித்துக் காணவேண்டும். தலைநகரின் வரலாறு மன்னரின் வரலாறாக மட்டும் முடிந்துவிடாமல் காப்பது இப்பயிற்சியே.

இருக்கவேண்டிய இடம் எது?

ஒரு நாளின் பயணம் நம்முன் ஒரு வினாவை வைக்கிறது. ஒரு நிலத்தில் கிடைத்த தொல்பொருள் எங்கே இருக்கவேண்டும்?

பெருநகர அருங்காட்சியகத்திற்குச் சார்பாகக் கூறத்தக்கவை உண்டு. அகழ்ந்தெடுத்த இரும்பு, காற்றிலுள்ள ஈரத்தால் விரைந்து துருவேறும். பயிற்சி பெற்ற வேதியியல் வல்லுநரும் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்தில் அது சில ஆண்டுகளில் பொடியாகிவிடும். ரீ கண்டெடுத்த பொருள்கள் நூறாண்டுக்கு மேலாக எழும்பூரில் காக்கப்பட்டிருப்பதை எளிதாக எண்ணுதல் கூடாது. மேலும், ஆற்றங்கரைக்கு வெள்ளம் என்னும் இடர் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாளில் மக்களைக் காப்பதே முதற்கடமை. தொல்பொருள்களைக் காக்கும் ஏற்பாடு முன்னரே செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

களத்து அருங்காட்சியகத்திற்கும் வலுவான சார்பு உண்டு. பொருளுக்கும் நிலத்திற்கும் உள்ள உறவை அங்குதான் உணரமுடியும். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. தன் ஊரில் கிடைத்த பொருளைத் தன் ஊரிலேயே காணும் சிறுவர், காலடி மண்ணை வேறு கண்ணோடு நோக்குவர். பொருள்கள் யாவும் தொலைவுக்குச் சென்றுவிட்டால், எஞ்சிய மேடு வெறும் சரளைக் குவியலாகவே ஊராருக்குத் தோன்றும். சாலைக்கும் கட்டடத்திற்கும் சரளை வெட்டத்தக்க இடமாகவும் அது தோன்றக்கூடும். மேட்டின் பொருளை அறிந்த ஊரே மேட்டுக்குச் சிறந்த காவல்.

இருதரப்பையும் சீர்தூக்கினால் ஒரு முடிவுக்கு வரலாம். எளிதில் சிதையும் பொருளும், மேலாய்வு தேவைப்படும் பொருளும் ஆய்வக வசதியுள்ள இடத்தில் இருக்கட்டும். நிலத்தோடு பிரிக்கவியலாத தாழிகள் கண்ட இடத்திலேயே காக்கப்படட்டும். ஏனையவற்றை ஆற்றங்கரை அருங்காட்சியகங்கள் முறைமாற்றிக் காட்சிப்படுத்தட்டும். தொலைவுக்குச் சென்ற பொருள் எதுவாயினும், அதன் படமும் அளவும் குறிப்பும் ஊர்ப்பள்ளி மாணவருக்கும் எட்டும்படி அமைதல் வேண்டும். பொருள் ஓரிடத்தில்தான் இருக்கமுடியும். அதனைப் பற்றிய அறிவு எல்லா இடத்திலும் இருக்கலாம்.

காண்போர் கடன்

தொல்லியல் இடத்திற்குச் செல்வோருக்குச் சில கடமைகள் உண்டு. மேட்டில் கிடக்கும் ஓட்டுத்துண்டை நினைவுப்பொருளாக எடுத்துவருதல் கூடாது. இடம்பெயர்ந்த ஓடு தன் சான்றுத் தகுதியை இழக்கிறது. சட்டமும் அதனைத் தடைசெய்கிறது. வயலில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழியின் விளிம்பு தென்பட்டால், தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும். ஊர்ப்பெயர், குளப்பெயர், வயற்பெயர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் எவரும் செய்யக்கூடிய தொண்டு. அக்கசாலை என்னும் ஒரு பெயர் எத்துணைச் செய்தியைக் காத்துத் தந்தது என்பதை நாம் கண்டோம்.

ஆறு இன்றும் வண்டலைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. அது சில தலைநகர்களை மூடும். சில வயல்களைப் படைக்கும். மூடியதை அறிவதும், திறந்ததைப் பதிவு செய்வதும், பதிவு செய்ததை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும் மாந்தர் கடமை. பொருநைக் கரையில் இன்னும் திறக்கப்படாத மேடுகள் பல உள்ளன. அவற்றை முறையாகத் திறக்கவிருக்கும் கைகள் இன்று இப்பாடத்தைப் படிக்கும் கைகளாகவும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள குளம், வயல், மேடு ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பெயர்க்காரணங்களை எழுதுக.

2. 'தொல்பொருள்கள் கிடைத்த இடத்திலேயே இருத்தல் வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. இருதரப்பும் குறைந்தது மூன்று சான்றுகளை முன்வைத்தல் வேண்டும்.

3. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்திற்குச் சென்று ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் அளவு, செய்பொருள், கிடைத்த இடம், செய்தவரின் தொழில்நுட்பம் ஆகியவற்றை ஒரு பக்க அளவில் விவரிக்க.

குறுவினா

1. பொருநையின் தனிச்சிறப்பாகப் பாடம் குறிப்பிடுவது யாது?

2. அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர் உணர்த்தும் செய்தி யாது?

சிறுவினா

1. ஆதிச்சநல்லூர் மக்கள் சரளை மேட்டை ஈமக்காடாகத் தேர்ந்தமைக்குக் காரணம் என்ன? விளக்குக.

2. கரிமம்-14 காலக்கணிப்பு முறையை நெல்மணியைச் சான்றாகக் கொண்டு விவரிக்க.

நெடுவினா

1. 'வயலுக்கு வளம் தந்த அதே வண்டல் துறைமுகத்திற்கு முடிவு தந்தது' – கொற்கையின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.

2. பெருநகர அருங்காட்சியகம், களத்து அருங்காட்சியகம் ஆகியவற்றின் பயன்களை ஒப்பிட்டு உங்கள் கருத்தைக் கட்டுரையாக்குக.